மாண்டலினும் மீட்டும் கையும்

மாண்டலின் பயிலத் தொடங்குபவரின் கவலையெல்லாம் இடக்கையைப் பற்றியதே. எந்தத் தந்தியில் எவ்விடத்தில் விரல் வைப்பது என்பதே அவர் மனத்தை நிறைத்திருக்கும். வலக்கையிலோ, அகப்பட்ட தகட்டை அகப்பட்டபடி பிடித்துக்கொள்வார். சில வாரங்களில் மணிக்கட்டு கடுக்கும், நாதம் கரகரக்கும். 'இது நம் கைக்கு ஏற்ற வாத்தியமன்று' என்று அதனை உறையிலிட்டு மூடிவிடுவோரும் உளர். குறை பெரும்பாலும் கையில் இல்லை. பிளெக்ட்ரம் எனப்படும் அச்சிறு தகட்டிலும், அதனைப் பற்றும் முறையிலுமே இருக்கிறது.

மாண்டலினின் எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாக ஒரே சுருதியிற் கூட்டப்பெற்று, நான்கு இணைகளாக அமைந்தவை. ஒவ்வொரு வீச்சிலும் தகடு இரு தந்திகளையும் கடந்து செல்லல் வேண்டும். கிதாருக்குப் பயன்படும் மெல்லிய தகடு, இந்த இறுகிய இணைகளிற் பட்டு வளைந்து, மீளச் சற்றே தாமதிக்கும். அதன் சடசடப்பும் இசையோடு கலந்து கேட்கும். ஆதலால் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த தகட்டையே பலர் விரும்புகின்றனர். முனை கூரியதாயின் ஒலி பளிச்சென்றிருக்கும், மழுங்கியதாயின் கனிந்திருக்கும். முக்கோணத் தகடொன்றின் கூர்முனையையும் மழுங்கிய மூலையையும் மாறி மாறி மீட்டிப் பார்த்தால் வேற்றுமை உடனே விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தார் பறவையிறகின் தண்டைச் சீவி மீட்டினர். பின்னர் ஆமையோட்டுத் தகடு பெயர் பெற்றது. அதற்கு இணையில்லை என்பார் இன்றும் உண்டு. எனினும் அவ்வோட்டைத் தரும் அழுங்காமை அருகிவிட்டமையால், 1970களில் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. நல்ல பிளாஸ்டிக் தகடுகள் கிடைக்கும் இக்காலத்தில் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

இனி, பிடி. சுட்டுவிரலைத் தளர மடக்கி, அதன் நுனிக்கணுவின் பக்கத்தில் தகட்டைக் கிடத்தி, மேலே பெருவிரலைப் படுக்கவைப்பது பொதுவழக்கு. முனை மட்டும் சிறிது வெளியே நீண்டிருந்தாற் போதும். ஏனைய விரல்கள் இயல்பாக மடங்கியிருக்கலாம். எல்லார் விரலும் ஒரே அளவினவல்ல. மாணவர் அனைவரையும் ஒரே பிடிக்குள் அடக்குவது சரியான போதனையாகாது.

மாண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடும். அதனை நீட்டுவதற்கு மேலும் கீழுமாக இடைவிடாது மீட்டவேண்டும். பிடியின் சோதனைக்களம் அதுவே. தகடு நழுவுமோ என்ற அச்சத்தில் விரல்கள் இறுகும். இறுக்கம் முன்கைக்கு ஏறும். சிறிது நேரத்தில் கை மரத்துப்போகும். தடித்த தகடாயின் அதனைத் தளரப் பிடித்தாலும் போதும் என்பது பலர் அறியாத செய்தி. வீச்சும் முழங்கையிலிருந்தன்றி மணிக்கட்டிலிருந்தே எழவேண்டும்.

கர்நாடக இசையில் இவ்வாத்தியத்தை நிலைநாட்டிய உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014), இரட்டைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்து, மின்னொலிபெருக்கத்துடன் வாசித்தார். அத்தகைய மாண்டலினில் மீட்டும் தேவை வேறு. எட்டுத் தந்திக்கு ஏற்ற தகடே அதற்கும் ஏற்றதாக வேண்டுமென்பதில்லை.

வியர்க்கும் கையினர் தகட்டின் நடுவே சிறு துளையிட்டுக்கொள்ளலாம். அல்லது இருபுறமும் உப்புத்தாளால் இலேசாகச் சொரசொரப்பாக்கலாம். விளிம்பை மட்டும் அவ்வாறு செய்தலாகாது. நாட்படத் தேய்ந்து விளிம்பு கரடுமுரடாயின், மிக நுண்ணிய தாளால் தேய்த்து மெருகிட்டால் கரகரப்பு நீங்கும்.