கோட்டை தந்த வாக்கு
(புழல் தோழர்களிடையே ஆற்றிய உரை)



புழலுக்கு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று எண்ணாதீர்கள். கும்பினியார் கடற்கரையில் கோட்டை எழுப்புவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே, புழற்கோட்டம் என்ற பெயரைத் திருவொற்றியூர்க் கல்வெட்டுகள் தாங்கி நின்றன. மூத்த ஊரார் நீங்கள். இளைய கோட்டையின் கதையைக் கேட்க உங்களைவிட உரிமையுடையார் யார்?

1769 மார்ச்சுத் திங்களின் இறுதி. மைசூர் ஐதர் அலி பெரும்படையை விலக்கிவிட்டு, தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரர்களுடன் பாய்ந்து வந்தார். மூன்றரை நாளில் 130 மைல்! பரங்கிமலைப் பக்கம் அவர் வந்து நின்றதும் கோட்டைக்குள் குலை நடுங்கிற்று. நேற்றுவரை நிபந்தனை பேசியவர்கள், டூப்ரே என்பாரைத் தூதனுப்பினர். ஏப்ரல் தொடக்கத்தில் சமாதான உடன்படிக்கை முடிந்தது.

பிடித்த இடங்களை இருவரும் திருப்பித் தருவது, கரூர் மட்டும் ஐதருக்கு. இது ஒரு விதி. இருவரில் எவரை எதிரி தாக்கினாலும் மற்றவர் துணைக்கு வருவது; இது இன்னொரு விதி. உடன்படிக்கைக்கு உயிரே இந்த இரண்டாவதுதான். அந்த உயிர் இரண்டாண்டுகூடத் தங்கவில்லை!

1770-71இல் மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தனர். ஐதர் உதவி கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். கோட்டை அசையவில்லை. அச்சத்தில் தந்த வாக்கு, அச்சம் நீங்கியதும் வெறுங்காகிதமாயிற்று. ஐதர் மறக்கவில்லை. 1780இல் கணவாய் கடந்து கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது.

ஐதருக்குப் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. அவர் படை எரித்த ஊர்கள் வெள்ளையன் ஊர்களல்ல, நம் ஊர்கள்! விளைநிலம் பாழாயிற்று, பஞ்சம் படர்ந்தது. வாக்கு மீறியவர்கள் மதிலுக்குள்ளே. வயிறு வாடியவர்கள் மதிலுக்கு வெளியே.

அப்படி வந்து குவிந்த ஏழைகளுக்காக 1782இல், கோட்டைக்கு வடக்கே, மணியக்காரர் ஒருவர் கஞ்சித் தொட்டி வைத்தார். அது மணியக்காரர் சத்திரமாயிற்று. அதையொட்டி மருத்துவமனை வளர்ந்தது. பிற்காலத்தில் ஸ்டான்லி என்று பெயர் பெற்றது. கோட்டையில் இன்று நம் சட்டமன்றம் கூடுகிறது. 1769ஐ அங்கே நினைப்பார் சிலரே. இராயபுரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஸ்டான்லி என்று சொல்லமாட்டார்கள், ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள்.