எண்ணிடப்பட்ட கலகம்



யோஷிதோமோ நாரா என்னும் ஜப்பானிய ஓவியரின் அச்சுப்படங்களையும் அவற்றைச் சேகரிப்போரையும் பற்றிச் சில சொற்கள். பெரிய தலையும் முறைக்கும் கண்களும் உடைய ஒரு சிறுமி. சில படங்களில் அவள் கையில் சின்னஞ்சிறு கத்தி. பொம்மைக் கடைச் சித்திரம் என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு.

நாரா 1959இல் வட ஜப்பானின் ஹிரோசாக்கியில் பிறந்தவர். அந்தப் பகுதியிலேயே மிசாவா என்ற அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. படைவீரர்களுக்கான வானொலி சிறுவனின் காதுக்கும் எட்டியது. பாட்டின் சொற்கள் விளங்கவில்லை. இசைத்தட்டு உறைகளின் படங்களில் பொருள் தேடினார். பின்னர் அவரைப் பற்றிக்கொண்டது பங்க் இசை. தேர்ச்சிக்குக் காத்திராமல் மேடையேறிய கோபம் அது. சிறுமியின் முறைப்பில் அதைக் காண்கிறேன்.

1999இல் 'மிதக்கும் உலகில்' என்ற 16 படங்களின் வரிசையை அவர் படைத்தார். உகியோ-எ எனப்படும் பழைய மரக்கட்டை அச்சுப்படங்களின் மறுபதிப்புகள் மீது தம் சிறுமியை வரைந்து, அவற்றை நகல் இயந்திரத்தில் அச்சாக்கினார். பங்குக்கு அந்த இயந்திரம் அந்நியமன்று. 1976இல் லண்டனில் தோன்றிய 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற சிற்றிதழும் நகலாகவே பரவியது.

எடோ காலத்து அச்சுப்படமும் எளியோர் வாங்கிய சரக்குதான். வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நால்வர் கைப்பட்டுக் கடைக்கு வரும். ஏறத்தாழ ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலை. விற்கும்வரை, கட்டை தேயும்வரை அச்சிட்டார்கள். அடியில் பென்சிலால் 12/50 என்று குறிக்கும் வழக்கம் பின்னாளில் ஐரோப்பாவிலிருந்து பரவியது. அந்தப் பின்னம்தான் இன்று சேகரிப்பாளரை ஆட்டி வைக்கிறது.

பலர் கைக்குப் போகப் பிறந்த இரு மரபுகளின் பிள்ளை, இவ்வாறு சிலரது பெட்டகத்துக்குள் அடைபடுகிறது. 2019 அக்டோபரில் ஹாங்காங்கில் நாராவின் 'முதுகுக்குப் பின்னே கத்தி' என்ற ஓவியம் 19 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. அது ஓவியம், அச்சன்று. ஆயினும் அதன் நிழல் அச்சுப்படங்களின் மீதும் விழாமலிராது. வாங்குவோரில் எத்தனை பேர் ஒரு பங்க் பாட்டையேனும் முழுதாகக் கேட்டிருப்பார்களோ!

சேகரிப்பைப் பழிக்க நான் வரவில்லை. வெயில் பட்டால் நிறம் மங்கும். ஈரம் பட்டால் தாள் புள்ளி விழும். காப்பவர் இல்லையேல் எடோவின் படங்கள் நமக்கு எஞ்சியிரா.

2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நேர்ந்தது. மறு ஆண்டு டோக்கியோவில் மக்கள் வீதிக்கு வந்தபோது, தாம் முன்பே வரைந்திருந்த 'அணு வேண்டாம்' சிறுமியை எவரும் அச்சிட்டு ஏந்தலாம் என்று நாரா விட்டுவிட்டார். அந்தத் தாள்களில் எண்ணில்லை, கையொப்பமில்லை. மடிப்புக் கோடும் விரல் அழுக்குமாக அவற்றில் ஒன்றை எவரேனும் வைத்திருந்தால், 50இல் 12ஆம் படியை விட்டுவிட்டு அதைக் காணவே நான் பயணப்படுவேன்.