சொட்டுகிற குழாயும் சூடாகிற தண்ணீரும்

(தாம்பரத்தில் நடந்த மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றியே பேசி வந்த இந்த மேடையில் இன்று குழாய் ரிப்பேர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், நம் நிர்வாகிகளில் ஒருவர் "செயலாளர் பிளம்பர் வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் பேச்சுக்குக் காரணமே ஒரு மருத்துவ உதவி விண்ணப்பம்தான்.

நம் மஹல்லாவில் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய். வாடகை வீடு. ஃபஜ்ருக்கு எழுந்த அவருடைய மகள், கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெந்நீர்க் குழாயைத் தொட்டிருக்கிறாள். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துவிட்டாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவரில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட் ஒழுங்காகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. அந்தத் தாய்க்கு அது தெரிய வழியில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நாம் கொடுத்தோம். ஆனால் அந்தக் கம்பியை முன்னாடியே யாராவது பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது என்பது அன்றிலிருந்து என் மனதில் நிற்கிறது.

வீட்டில் எந்த வேலையை நாமே செய்யலாம், எந்த வேலையில் கை வைக்கவே கூடாது என்பதை இன்று பேசுவோம்.

முதலில் தண்ணீர். 2019 ஜூன் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்தது. இங்கே நம் பக்கத்தில் போர் எல்லாம் காற்றைக் கக்கியது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். அடுத்த வருடங்களில் மழை வந்தது, சம்ப் நிரம்பியது, நாமும் மறந்துவிட்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூ செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஷாஃபிஈ கணக்கில் அது ஏறக்குறைய முக்கால் லிட்டர், ஹனஃபீ கணக்கில் ஒரு லிட்டருக்குக் கிட்ட. நான் வீட்டில் குழாய்க்கு அடியில் வாளி வைத்து வுளூ செய்து அளந்து பார்த்தேன். ஐந்து லிட்டருக்கு மேல் போயிருந்தது. வெட்கமாக இருந்தது. நீங்களும் ஒரு தடவை அளந்து பாருங்கள், வேறு உபதேசம் தேவைப்படாது.

இஷாவுக்குப் பிறகு சொட்டுகிற குழாயின் கீழ் ஒரு மக் வையுங்கள். ஃபஜ்ருக்குள் ஒரு லிட்டர் சேர்ந்திருந்தால், ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் போகிறது, வருடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். இது ஒரு குழாயின் கணக்கு மட்டும்.

இதை நிறுத்த பிளம்பர் வேண்டாம். பழைய திருகு குழாயாக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் அந்த லைனின் கேட் வால்வை மூடுங்கள். பெரும்பாலும் மொட்டை மாடியில் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கீழே தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் திருகாணி உள்ளே விழும். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் நடுத்தண்டை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வரும். அடியில் இருக்கும் பழைய வாஷரை ஹார்டுவேர் கடைக்கே எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். மாட்டிவிட்டு, கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கால் சுற்றில் திறந்து மூடும் புது வகைக் குழாயில் வாஷர் கிடையாது. உள்ளே இருக்கும் பீங்கான் வட்டு உருளையை முழுதாக மாற்ற வேண்டும். அதுவும் அதே கடையில் கிடைக்கும்.

மரையில் கசிந்தால் டெஃப்லான் டேப். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டுவிடும்.

சத்தமே இல்லாமல் அதிகத் தண்ணீரைக் குடிப்பது ஃப்ளஷ் டேங்க். அதில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து விட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஷவரிலும் குழாய் முனை வலையிலும் உப்பு அடைத்திருந்தால் கழற்றி, ஓர் இரவு எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப் போடுங்கள்.

இந்த வேலைகளைப் பெண்களும் செய்யலாம், பதினைந்து வயதுப் பிள்ளைகளும் செய்யலாம். தப்பு நடந்தால் தரை நனையும், அவ்வளவுதான்.

இனி வெந்நீர். மார்கழிக் குளிரில் ஃபஜ்ருக்கு முன் குளிப்புக் கடமையானவர்கள், வயதானவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும். மையித்தைக் குளிப்பாட்டவும் வெதுவெதுப்பான தண்ணீர் தேடுகிறோம். ஆகவே கீசரை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் போதும். 2 கிலோவாட் கீசரில் அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். பாங்கு சொல்லும் முன் போட்டுவிட்டு, எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போது அணைப்பது வீண். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சூடு ஏற ஏற அது எலிமெண்ட் மேல் பாறை மாதிரிப் படியும். பிறகு சூடு தண்ணீருக்குப் போகாது, கரண்ட் பில் ஏறும், கடைசியில் எலிமெண்டே எரிந்துபோகும். அதனால் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டு உப்பைச் சுத்தம் செய்து, அனோட் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ராட் டேங்குக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுகிற உலோகத் தண்டு. அது தீர்ந்தால் அடுத்து டேங்க்தான். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி கூடாது, சிபிவிசி போடுங்கள். சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள் சோலார் வைப்பதென்றால், உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை ஏற்றது. தாமிரக் குழாய் வகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கீசரில் பக்கவாட்டில் இருந்த சிறு வால்விலிருந்து தண்ணீர் சொட்டியது. நான்தான் சொட்டுத் தண்ணீரையும் விடாதவன் ஆயிற்றே! ஒரு பிளக் வாங்கி, டெஃப்லான் சுற்றி, இறுக்கி அடைத்துவிட்டேன். வீட்டில் பெருமையும் அடித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் டேங்க் விரிசல் விட்டு வெந்நீர் பீய்ச்சி அடித்தது. என் பேரன் குளித்து வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வந்த மெக்கானிக் தம்பி சொன்னார்: "ஐயா, அது கசிவு இல்லை, சேஃப்டி வால்வ். தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீர் வெளியே போக அதுதான் வழி. தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் டேங்க் வெடித்திருக்கும்." அன்றுதான் புரிந்தது, எல்லாச் சொட்டும் வீண்விரயம் இல்லை. கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் அப்படியே விடுங்கள். அணைத்த பிறகும் நிற்காமல் ஓடினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆகவே நான் போட்டுக்கொண்ட கோடு இதுதான்: பச்சைத் தண்ணீர்க் குழாய் என் கையில். மின்சாரம், கேஸ், கீசரின் உடம்பு, இந்த மூன்றும் தொழில் தெரிந்தவர் கையில்.

நாம் செய்ய வேண்டியது கவனிப்பது மட்டும். குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றாலும் "பழகிவிட்டது" என்று விடாதீர்கள். அன்றைக்கே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம், அது ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. அதில் 'டி' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள், சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பொம்மை.

வாளியில் போடும் ஹீட்டர் ராட் வைத்திருப்பவர்கள், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வையுங்கள். இரும்பு வாளி வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ராடே வேண்டாம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் ஆளைச் சத்தமின்றிச் சாய்த்துவிடும்.

நம் ஜமாஅத்தில் வீடு வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகைக்காரர் கேட்டால்தான் எர்த் போடுவேன் என்று காத்திருக்காதீர்கள். அவருக்கு அது இல்லை என்றே தெரியாது. அட்வான்ஸ் வாங்கிய கையோடு அந்தக் குடும்பத்தின் உயிரும் நம்மிடம் அமானிதமாக வருகிறது. ஸதகா கொடுக்க ஆள் தேடும் நாம், நம் சொந்தச் சுவருக்குள் ஒரு கம்பி போடுவதைப் பாரமாக நினைக்கலாமா?

அறக்கட்டளை இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. ஸ்பேனர், பைப் ரிஞ்ச், டெஃப்லான், வாஷர்கள் அடங்கிய பெட்டி அலுவலகத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய் இரண்டு நாளில் திருப்பித் தாருங்கள். கணவரை இழந்தவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் வீடுகளில் எர்த்தும் கீசரும் சரியாக இருக்கின்றனவா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கப் போகிறோம். இதற்கு ஜகாத் பணத்தைத் தொடவில்லை, பொது நன்கொடையிலிருந்து செய்கிறோம். முதல் வீடு எது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை இன்னும் குழாயைத் தொட பயந்து, தம்பியைத் திறக்கச் சொல்கிறாளாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டே வேலை. இரவு குழாய்க்கு அடியில் ஒரு மக் வையுங்கள். மின்பெட்டியைத் திறந்து 'டி' பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.