மலைப்பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கு



ஆண்டுதோறும் மே திங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், பள்ளிகளை விழுக்காட்டால் நிறுத்து, இது மேல், அது கீழ் எனத் தீர்ப்புரைக்கிறோம். 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சியிலும் இஃதே வழக்கம். நகரத்துப் பெரும்பள்ளியையும் கல்வராயன் மலையின் உறைவிடப் பள்ளியையும் ஒரே துலைக்கோலில் ஏற்றலாமா?

இருநூறு மாணவர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 99.5 விழுக்காடு, பத்துப்பேர் எழுதும் மலைப்பள்ளியில் ஒருவர் தவறினால் 90. தவறியவர் இரண்டிடத்தும் ஒருவரே!

இதனினும் பெரும்பிழை ஒன்றுண்டு. தேர்வெழுதியோரை மட்டுமே இக்கணக்கு எண்ணுகிறது. மலையில் மழையை நம்பியே மரவள்ளியும் சாமையும். அறுவடை முடிந்தால் வேலை அருகும். பெற்றோர் பலர் கூலி தேடிக் குடகுக்கும் கேரளத்துக்கும் செல்கையில் பிள்ளைகளும் உடன் போகின்றனர். அவ்வாறு இடையில் நின்ற பிள்ளை எந்த விழுக்காட்டிலும் இல்லை. நூற்றுக்கு நூறு என மார்தட்டும் பள்ளிக்கும் அப்பிள்ளையால் ஓர் எண் குறைவதில்லை!

மலையாளி என்னும் பெயர் கேட்டு அம்மக்களைச் சேரநாட்டார் எனச் சிலர் மயங்குவர். மலைவாழ் ஆள் என்பதே பொருள். அவர்தம் பேச்சு தமிழே. சாகீர்தாரர் பிடியிலிருந்த அம்மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. இன்றும் அங்குள்ள பள்ளிகள் பலவற்றை நடத்துவது பழங்குடியினர் நலத்துறை. கீழ்நாட்டு அரசுப் பள்ளிகளையோ பள்ளிக் கல்வித்துறை. ஆசிரியர் இடம் வெறுமையாயின் நிரப்பவேண்டியவரும் வேறுவேறு.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனைபேர், அவருள் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியோர் எத்தனைபேர் என்னும் ஈரெண்களையும் பள்ளிதோறும் பலகையில் எழுதி வையுங்கள் எனத் தலைமையாசிரியர்களைக் கேட்கிறேன். அதன்பின் ஒப்பிடுவோம்.