மாண்டிசோரி யாருடைய சொத்து?

(நம் குழுவின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



நான் அமெரிக்காவில் ஓர் அரசு மாண்டிசோரி தொடக்கப் பள்ளியில் பதினோரு வருஷமா ஆசிரியையா இருக்கேன். இதைச் சொன்னதும் நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" ஃபீஸே கிடையாதுன்னு சொன்னா, "அப்போ அது நிஜமான மாண்டிசோரி இல்லையா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஊர்ல அந்தப் பேரை நாம பார்த்ததெல்லாம் தனியார் பள்ளிப் பலகையிலதானே.

அதனால ஆசிரியர்கள் ஏன் இந்த முறையை மதிக்கிறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, இது எங்க தொடங்கினதுன்னு சொல்லிடறேன்.

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ பகுதி. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு. அப்பா அம்மா வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்கள் என்று, அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள கட்டட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. நிர்வாகத்துக்கு வேண்டியது சுவர் பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான். பொறுப்பேற்றவர் மருத்துவர் மரியா மாண்டிசோரி. அந்த அறையில், யாரும் எதுவும் எதிர்பார்க்காத அந்தப் பிள்ளைகள் நாலு, அஞ்சு வயசுல எழுதவும் படிக்கவும் தொடங்கினார்கள். முதல் மாண்டிசோரி பள்ளி அதுதான். கூலிக்காரன் பிள்ளைக்காகத் திறந்த பள்ளி.

அமெரிக்காவில் 1960களில் இது மறுபடி பரவியபோது பெரும்பாலும் தனியார் பள்ளிகள் வழியாகவே பரவியது. அரசுப் பள்ளிக்குள் அது வந்த கதை வேறு. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்க வேண்டிய கட்டாயம் நகரங்களுக்கு வந்தபோது, எல்லாத் தரப்புப் பெற்றோரும் விரும்பி வருகிற 'மேக்னட்' பள்ளிகளைத் திறந்தார்கள். 1975ல் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் அரசு மாண்டிசோரி தொடக்கப் பள்ளி வந்தது அப்படித்தான். அடுத்து மில்வாக்கி. இன்று நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்த முறை இருக்கிறது.

சரி, வகுப்பறைக்கு வருவோம்.

என் வகுப்பில் ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்கள். அதாவது ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் சேர்ந்தே. காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு மணி அடிக்காது. நான் நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பாடம் நடத்துவேன். மற்றவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்வார்கள். பெருக்கலுக்கு மணிகள், இலக்கணத்துக்குச் சின்னச் சின்ன வடிவங்கள், பூமியின் வயதுக்கு ஒரு நீளமான சுருள் படம். தப்பு பண்ணினா பெரும்பாலும் அந்தப் பொருளே காட்டிக்கொடுத்துடும். நான் சிவப்பு மை எடுக்க வேண்டியதில்லை.

இதுக்கு முன்னாடி நான் வேலை பார்த்தது ஒரு சாதாரண அரசுப் பள்ளி. அங்கே எந்தக் கிழமை எந்தப் பக்கம் என்பது மேலிடத்தில் இருந்து அச்சடித்து வரும். புரிஞ்ச பிள்ளை கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். புரியாத பிள்ளையை இழுத்துக்கிட்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போவேன். நாம படிப்பு வட்டத்துல 'அந்நியமாதல்' பத்திப் பேசினோமே, தொழிலாளிக்கும் அவன் உழைப்புக்கும் இடையில விழுற அந்த இடைவெளி, அது எனக்குப் புரிஞ்சது அந்த வகுப்பறையிலதான். எனக்குத் தெரிஞ்ச வேலையை, எனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்ய விடலை.

மாண்டிசோரி வகுப்பில் ஆசிரியரின் முதல் வேலை பார்ப்பது. உட்கார்ந்து, நோட்டில் குறித்து, இந்தப் பிள்ளை இன்று எங்கே நிற்கிறாள், நாளை அவளுக்கு என்ன பாடம் என்று முடிவு செய்வது. அந்த முடிவு என்னுடையது. சக ஆசிரியர்களைக் கேட்டால் அவர்களும் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்து அவர்கள் சொல்வது, ஒரே பிள்ளை மூன்று வருஷம் நம்மிடம் இருக்கிறது என்பது. ஜூன் மாசம் புரியாதது செப்டம்பர்ல புரியலாம். அவசரம் இல்லை.

ஒரு சம்பவம் சொல்றேன். ஏழு வயசுப் பையன், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவன். ஆங்கிலம் தெரியாது. எனக்கு அவனுடைய ஸ்பானிஷ் சரியா வராது. ஆறு வாரம் வாயே திறக்கலை. பார்த்துக்கிட்டே இருப்பான். எங்ககிட்ட தங்கநிற மணிகள் இருக்கு. ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்கு ஒரு கம்பி, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி அவனைப் பாயில உட்கார வெச்சு, நாலு இலக்கக் கூட்டல் செஞ்சு காட்டினா. பத்து மணி சேர்ந்தா ஒரு கம்பியா மாத்தணும். அவ எண்ணுறதுல ஒண்ணு விட்டுட்டா. இவன் கையை நீட்டி மணியைத் தடுத்து, "நோ" என்றான். அவன் என் வகுப்பில் பேசின முதல் வார்த்தை அது. அவ சிரிச்சுக்கிட்டே திரும்ப எண்ணினா. அவன் சொன்னது சரி.

பழைய பள்ளியா இருந்தா அவன் கடைசி வரிசையில படத்துக்கு வண்ணம் தீட்டிக்கிட்டு இருந்திருப்பான். எப்படித் தெரியும்னா, அப்படி ஒரு பிள்ளையை அங்கே நானே உட்கார வெச்சிருக்கேன். இப்பவும் அது என்னை உறுத்துது.

இது என் அனுபவம் மட்டுமில்லை. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, மூன்று முதல் ஆறு வயது வரை கவனித்த ஆய்வுகள் இருக்கின்றன. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. மாண்டிசோரி வகுப்புகளில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கும் வசதியான குடும்பப் பிள்ளைகளுக்கும் இடையிலான தேர்ச்சி வித்தியாசம் குறைந்துகொண்டே வந்ததை அது காட்டியது. 2025ல் வந்த நாடளாவிய ஆய்வு 24 அரசுப் பள்ளிகளைப் பார்த்தது. வாசிப்பிலும் நினைவாற்றலிலும் மாண்டிசோரி பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். செலவும் குறைவுதான்.

ஆனா இதை ஒரு மந்திரம் மாதிரி சொல்லிட்டுப் போக நான் வரலை. மூன்றாம் வகுப்பிலிருந்து வருஷா வருஷம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கணும்னு மத்தியச் சட்டம் சொல்லுது. மூன்று வருஷப் பொறுமையும் அந்தத் தேர்வும் எப்பவும் மோதிக்கிட்டே இருக்கும். குலுக்கலுக்கு விண்ணப்பிக்கத் தெரிந்த, நேரம் இருக்கிற பெற்றோர்களே அதிகம் வருவதால், ஏழைப் பிள்ளைக்கான இடம் மெல்லக் கைமாறுவதையும் பார்க்கிறேன்.

போன வருஷம் எங்க பள்ளி நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. கலப்பு வயது வகுப்புகளைப் பிரிச்சு, வகுப்புவாரியா ஆக்கணும், உதவி ஆசிரியர்களைக் குறைக்கணும். சங்கம் கூட்டம் போட்டது. துப்புரவு வேலையும் சமையல் வேலையும் பார்க்கிற அம்மாக்கள் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஸ்பானிஷிலும் அரபியிலும் பேசினாங்க. கலப்பு வகுப்புகளைக் காப்பாத்திட்டோம். உதவி ஆசிரியர்கள் ரெண்டு பேரை இழந்தோம். அந்தக் கூட்டத்துல நான் தேடின ஆட்கள் நம்ம தமிழ்ப் பெற்றோர்கள். வரலை. ரெண்டு குடும்பம் அமைதியா வேற பள்ளி பார்த்துக்கிட்டாங்க.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கு, தோழர்களே. முசோலினியோடு முறிந்து, இத்தாலியில் தன் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு மாண்டிசோரி 1939ல் வந்து இறங்கியது சென்னை அடையாறில். போர்க் காலத்தில் கொடைக்கானலில் இருந்தபோதுதான் ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான பாடத்திட்டத்தை விரிவாக வளர்த்தார். நான் இன்று ஓர் அமெரிக்க அரசுப் பள்ளியில் நடத்துகிற பாடத்தில் கொடைக்கானல் இருக்கிறது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலிலும் மாண்டிசோரியின் தடம் உண்டு. அட்டைகளும் ஏணிப்படியும் வந்தன. ஆனால் பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஆள் கொடுக்காம முறையை மட்டும் கொடுத்தா, அது ஆசிரியர் தலையில இன்னொரு பாரம். அங்கேயும் இங்கேயும் பாடம் ஒண்ணுதான்.

அதனால நான் கேட்கிறது ரெண்டு விஷயம். உங்க ஊர் பள்ளி வாரியக் கூட்டம் எப்போன்னு பாருங்க, ஒரு தடவையாவது போய் உட்காருங்க. உங்க பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைச்சாச்சுன்னாலும் போங்க. ரெண்டாவது, ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம்னு அறிவிச்சா, "பிள்ளைங்க படிப்பு கெடுதே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவங்க எதைக் கேட்கிறாங்கன்னு படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் அவங்க கேட்கிறது நம்ம பிள்ளையைக் கவனிச்சுப் பார்க்கிறதுக்கான நேரத்தைத்தான்.