கடலிலே முதலை

2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அடுத்துள்ள வெள்ளவத்தைக் கரையிலும் அச்சம் பரவிற்று. “முதலைக்குக் கடலில் என்ன வேலை? வழி தவறியிருக்கும்” என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் சொல்லும். இலங்கையில் உள்ளவை இரண்டு இனங்கள்: குளத்து முதலை ஒன்று, உவர்நீர் முதலை மற்றது. பின்னது வட அவுஸ்திரேலியக் கழிமுகங்களில் வாழும் அதே இனம். உப்பைக் கழிக்கும் சுரப்பிகள் அதன் நாக்கிலேயே உண்டு. குவீன்ஸ்லாந்தில் செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தவர்கள் 2010இல் எழுதினார்கள்: நீரோட்டம் தான் போகும் திசையில் ஓடினால் அதோடு போகிறதாம், எதிர்த்து ஓடினால் ஒதுங்கிக் காத்திருக்கிறதாம். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நம்மைப் போலத்தான்! கடல் அதற்குத் தெரிந்த பாதை.

டார்வினைத் தலைநகராகக் கொண்ட வட பிராந்தியத்தில் தோல் வேட்டையால் அவை சில ஆயிரமாகக் குறைந்தன. 1971இல் பாதுகாப்பு வந்தது. இன்று ஏறத்தாழ ஓர் இலட்சம். துறைமுகத்துள் நுழைபவற்றைப் பொறிவைத்துப் பிடிக்கிறார்கள். நீர்க்கரைகளில் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொன்று தீர்ப்பதைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் அதையும் அறியவேண்டும். நம் வாய்க்கால்களும் அதே கடலில்தான் விழுகின்றன. மீன்கழிவை அங்கே கொட்டுவதையாவது நாளைக்கே நிறுத்தலாமே.