பெற்றோரின் முதுமையும் நமது கடமையும்

(ஜமாஅத் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

முதுமை அடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்று திருமறையின் 17ஆவது அத்தியாயம் தடுத்திருப்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அந்தச் சொல் நம் நாவில் வந்து நிற்கும் வேளை எது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்ட கேள்வியையே வாப்பா பத்தாவது முறையாகக் கேட்கும்போதுதான் அது வருகிறது.

கி.பி. 622இல் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் மக்காவைவிட்டுப் புறப்பட்டபோது, கையிலிருந்த 5000 அல்லது 6000 திர்ஹத்தையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவர்களுடைய தந்தை அபூ குஹாஃபா அப்போது பார்வை இழந்த முதியவர், இஸ்லாத்தை ஏற்காதவரும்கூட. மகன் பணத்தையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளைத் தவிக்கவிட்டானே என்று கலங்கி வந்தார். பேத்தி அஸ்மா (ரலி) அவர்கள் வாதாடவில்லை. தந்தை பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கித் துணியால் மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். கிழவர் நிம்மதியடைந்தார். வீட்டில் ஒன்றுமே இருக்கவில்லை என்றும், முதியவரின் மனத்தைத் தேற்றவே அப்படிச் செய்ததாகவும் அஸ்மா (ரலி) அவர்களே பின்னர் கூறியதை இப்னு ஹிஷாம் தம் நூலில் பதிந்துள்ளார்.

இன்று நம் வீடுகளில் நிலைமை தலைகீழ். துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் தவறாமல் வருகிறது. முதியவரின் கையைப் பிடிக்கத்தான் ஆளில்லை. இருக்கிற ஒரே ஆள் மருமகள். பெற்றோருக்குச் செய்யும் கடமை மகனுக்கும் மகளுக்கும் உரியது. மார்க்கம் அதை மருமகளின் தலையில் ஏற்றவில்லை. 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி என்றே வகுத்தது. மருமகள் செய்வது அவளுடைய நற்குணம். அதற்கு ஒரு நன்றிச் சொல்லும் சொல்லாத கணவன்மார்கள், உம்மாவைத் தாங்கள் கவனித்துக்கொள்வதாகச் சபையில் பேசுவது நமக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறதி நோய் கண்ட பெரியவர் தொழுத லுஹரையே மறுபடியும் தொழுகிறார், ரக்அத்தைத் தவறவிடுகிறார், கிப்லாவைவிட்டு வேறு பக்கம் நிற்கிறார். பிள்ளைகளோ ஈமானின் பெயரால் அவரை அதட்டுகிறார்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று புகாரியில் வந்துள்ளது. நோன்பு நோற்க இயலாத முதியவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். அறிவு நீங்கியவர்மீதோ கணக்கே எழுதப்படுவதில்லை என்ற நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அல்லாஹ் கேட்காத கணக்கை வாப்பாவிடம் நாம் கேட்பானேன்?

அதே அபூ குஹாஃபாவை, 630இல் மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். தலை முழுதும் நரைத்திருந்தது. பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருக்கலாமே, நாமே அவரிடம் வந்திருப்போமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவரைத் தம்முன் அமர்த்தி நெஞ்சைத் தடவிக்கொடுத்தார்கள். அன்றுதான் அவர் இஸ்லாத்தைத் தழுவினார்.

நாற்பது ஆண்டுகள் முதல் ஸஃப்பில் நின்றவர்கள் இன்று நம் தெருக்களில் கட்டிலில் கிடக்கிறார்கள். பள்ளிக்கு வருவது நின்றதும் நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். ஜனாஸா அறிவிப்பில்தான் பெயர் மீண்டும் காதில் விழுகிறது. வெள்ளிதோறும் அஸருக்குப்பின் இமாம் அவர்களுடன் இரண்டு உறுப்பினர்கள் ஒரு வீட்டிற்காவது சென்று, சிறிது நேரம் அமர்ந்து, பேச்சுக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று இந்தச் சபையில் முன்மொழிகிறோம். பெயர்களைப் பள்ளி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். மகன் வெளிநாட்டில் இருந்தால் மருமகளோ பேரப்பிள்ளையோ வந்து சொன்னாலும் போதும்.